பூட்டா, மாத்திரையா, புது ஊசியா?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஹரித கர்ம சேனா என்ற பஞ்சாயத்துக் குப்பை சேகரிப்புக் குழுவின் அக்கா ஒருவர் என் மெடிக்கல் ஷாப்புக்கு வந்து விரலை நீட்டினார். வீடு வீடாக வாங்கிய பிளாஸ்டிக்கை மூட்டையில் அமுக்கிக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் தாண்டிக் குத்திவிட்டது. மூட்டையையும் கையோடு தூக்கி வந்திருந்தார். பார்த்தேன். ஆரஞ்சு மூடி போட்ட சின்ன சிரிஞ்சு, சர்க்கரைக்காரர்கள் இன்சுலின் போட்டுக்கொள்வது. உள்ளே ரத்தம் கறுத்து உலர்ந்திருந்தது.

"டெட்டால் வெச்சுக் கட்டிவிடுங்க தம்பி, இன்னும் நாப்பது வீடு இருக்குது" என்றார்.

கட்டுப் போடும் விஷயமில்லை அது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், விரலைப் பிதுக்கக் கூடாது என்றேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து அனுப்பினேன். எச்ஐவி தொற்றாமல் இருக்கத் தடுப்பு மாத்திரை உண்டு. குத்திய சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் போட வேண்டும். அக்கா 28 நாளும் போட்டார். குமட்டலில் பாதி நாள் வேலைக்குப் போகவில்லை. அப்புறம் எடுத்த சோதனைகளில் ஒன்றுமில்லை என்று வந்தது.

அந்த சிரிஞ்சை விற்றது நானாகவும் இருக்கலாம்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் தாலுகா. (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்.) வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. தென்னையும் கள்ளும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. இப்போது வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் சிலர் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. என் கணக்கில், முகம் தெரிந்து, பத்துப் பன்னிரண்டு பேர்.

அக்காவின் விரல் விஷயம் பரவியதும் வார்டு மெம்பர் கூட்டம் போட்டார். பஞ்சாயத்துக்கு ஒரு கோரிக்கை எழுத வேண்டும், எதைக் கேட்பது என்று முடிவெடுக்க வேண்டும். வாசகசாலையில் நாற்பது பேர் கூடினோம், நாலு விதமான யோசனை வந்தது. பிடித்து உள்ளே போடச் சொல்லலாம் என்றார் ஒருவர். தனியார் மறுவாழ்வு மையத்தில் அடைக்க ஊர்ப் பணம் திரட்டலாம் என்றார் இன்னொருவர். அரசு ஆஸ்பத்திரி வார்டில் சேர்க்கலாம் என்றது மூன்றாவது. புது ஊசியும் நாக்கடி மாத்திரையும் (நாக்குக்கு அடியில் வைத்து வாதையை நிறுத்தும் மாற்று மருந்து) கொடுக்கும் திட்டத்தை இங்கே கொண்டுவரச் சொல்லலாம் என்ற நாலாவதைச் சொன்னது நான். "ஊசி வித்தது பத்தலையா, இப்ப சும்மா வேற குடுக்கோணுமா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்விதான். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் பார்ப்பது மூன்றை. பையன் அடுத்த மழைக்காலத்துக்கு உயிரோடு இருப்பானா? அவனால் அந்த அக்கா மாதிரி மற்றவர்களுக்கு என்ன ஆகும்? கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தால் இதைக் கடைசிவரை இழுக்க முடியுமா?

முதலில் போலீஸ், எக்சைஸ். விற்பவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. 2025இல் கேரள போலீஸ் 'ஆபரேஷன் டி-ஹன்ட்' என்று இறங்கியபோது வாளையாரில் பஸ்ஸுக்கு பஸ் ஏறிப் பார்த்தார்கள், நல்ல காரியம். சிக்கல், போட்டுக்கொள்பவனையும் அதே வலையில் அள்ளும்போது வருகிறது. கெடுபிடி ஏறியதும் பையன்கள் பழக்கத்தை விடவில்லை, இடத்தைத்தான் மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் கல்குவாரிக்குப் போனார்கள். இந்தப் பக்கம் நெருக்கினால் பாலம் தாண்டி அந்தப் பக்கம், அங்கே நெருக்கினால் இங்கே. சட்டைப் பையில் சிரிஞ்சு இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. குவாரியில் ஒன்று இருக்கும், அதை நாலு பேர் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1980களின் தொடக்கத்தில் போலீஸ் நெருக்கடி கூடி, சிரிஞ்சு கிடைப்பது நின்றுபோனது. 1986இல் அங்கே ஒரு டாக்டர் தன்னிடம் வந்த ஊசிக்காரர்களைப் பரிசோதித்தார், பாதிப் பேருக்கு எச்ஐவி. பக்கத்து நகரமான கிளாஸ்கோவிலும் அதே ஹெராயின், அதே வறுமை. அங்கே சிரிஞ்சு கிடைத்தது, தொற்று நூற்றுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. நம் நாட்டிலேயே மணிப்பூர் இருக்கிறது. 1989இன் கடைசி வரை அங்கே ஊசிக்காரர்களிடம் எச்ஐவி தட்டுப்படவே இல்லை. அடுத்த வருஷம் பாதிக்கு வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், 2025 மார்ச்சில் நம் பக்கத்து ஜில்லா மலப்புரம் வளாஞ்சேரியில், ஒரே ஊசியை மாற்றிப் போட்டுக்கொண்ட கூட்டத்தில் ஒன்பது பத்துப் பேருக்கு எச்ஐவி தெரிய வந்ததே. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தார் தேடிப் போய்ச் சோதித்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் போன பிறகுதான் தெரிந்திருக்கும்.

சட்டமே போட்டுக்கொள்பவனையும் விற்பவனையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அடிமையாகிவிட்ட ஒருவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விடுபட வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இதைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும் அம்மா அப்பாக்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது யோசனை, பூட்டு. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன். அப்பா தென்னை ஏறுபவர். அம்மா தாலிக்கொடியை அடகு வைத்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மையத்தில் மாதம் 18 ஆயிரம் கட்டிச் சேர்த்தார். ராத்திரி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மூன்று மாதம் பார்க்க விடவில்லை. உள்ளே டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள், மீதி நாள் அடியும் பிரார்த்தனையும் என்று திரும்பி வந்தபின் சொன்னான். தேறித்தான் வந்தான், கன்னம் உப்பி, முடி வெட்டி. பத்தாம் நாள் பழைய கூட்டாளி கூப்பிட்டான். பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். மூச்சு நின்றுபோய், உதடு நீலம் பாரித்து, தென்னந்தோப்பில் கிடந்தவனை மோட்டார் போட வந்தவர் பார்த்தார். பிழைத்தது அதிர்ஷ்டம்.

இது அவன் ஒருவனின் கதை இல்லை. ஹெராயின், இந்த வலி மாத்திரை போன்ற ஓபியம் வகை மருந்துக்குப் பழகிய உடம்பு, சில வாரம் நிறுத்தினால் தாங்கும் சக்தியை இழந்துவிடும். முன்பு போதையாக இருந்த அளவு இப்போது சாவாக இருக்கும். ஜெயிலிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம்தான் இவர்களுக்கு மிக ஆபத்தான காலம் என்று நாடு நாடாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டிவைத்துத் திறந்துவிடும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். ஒழுங்காக நடக்கும் மையங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் கீழ் பதிவு எண் கேளுங்கள், தினமும் டாக்டர் வருகிறாரா என்று கேளுங்கள், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். சங்கிலி போட்டுக் கட்டுவது அந்தச் சட்டப்படி குற்றம். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது அரசு வார்டு. கேரளத்தில் எக்சைஸ் துறையின் 'விமுக்தி' என்ற போதை ஒழிப்புத் திட்டம் இருக்கிறது, 14405க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஜில்லாவுக்கு ஒரு சிகிச்சை மையம். எங்கள் பாலக்காட்டு ஜில்லாவுக்கானது அட்டப்பாடி கோட்டத்தறையில், ஆதிவாசிகளுக்கான சிறப்பு ஆஸ்பத்திரியில். அட்டப்பாடிக்கு அது தேவை, சந்தேகமில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போவது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கோயம்புத்தூர் போய், ஆனைகட்டி வழியாக மறுபடி கேரளத்துக்குள் வர வேண்டும். அல்லது மண்ணார்க்காடு சுற்றி மலை ஏற வேண்டும். கை நடுங்கி, வயிறு கலக்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் ஒருவனை அழைத்துக்கொண்டு மூன்று பஸ். தமிழ்நாட்டுப் பக்கம் 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்று 25 மறுவாழ்வு மையங்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே திறந்தார்கள், அந்தப் பக்கத்தார்க்கு அது நல்ல வாசல்.

காசில்லை, டாக்டர் உண்டு, சட்டத்துக்கு உட்பட்டது. குடிக்கு இதுதான் சரியான இடம். முரட்டுக் குடிகாரரைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. எம்டிஎம்ஏ என்ற ரசாயனப் போதைப்பொருள், கஞ்சா என்றாலும் இங்கேதான் போக வேண்டும், அதற்கு மாற்று மாத்திரை எதுவும் கிடையாது, டாக்டரும் கவுன்சலிங்கும்தான். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு தெளிந்துவிடும். தெளிந்த உடம்போடு அதே பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவான். ஊசிக்காரனுக்கு அந்த வார்டு முடியும் இடத்தில்தான் பூட்டில் சொன்ன அபாயம் மறுபடி தொடங்குகிறது.

சரி, நாலாவது. இதைத் 'தீங்கு குறைப்பு' என்கிறார்கள். பெயர் புதிது, சங்கதி எங்களுக்குப் பழையது. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. இங்கே கடைக்கு லைசென்ஸ், வண்டிக்குப் பெர்மிட், எக்சைஸ்காரர் வந்து சாம்பிள் எடுத்துப் போவார். குடிக்கச் சொல்லி எடுப்பதில்லை, குடிப்பவன் கலப்படத்தில் சாகக் கூடாது என்று எடுக்கிறார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேல் செத்தார்களே, அந்த வாரம் எங்கள் ஊர்க் கள்ளுக்கடையில் இதைத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஊசிக்காரர்களுக்கு இது எப்படி நடக்கிறது? மூன்று நாலு காரியம் சேர்ந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பணத்தில், மாநிலச் சங்கம் மூலமாக ஒரு தொண்டு அமைப்பு நடத்தும். கேரளத்தில் இதற்குச் 'சுரக்ஷா' என்று பெயர். முன்பு இதே பழக்கத்தில் இருந்து மீண்டவர்களையே வேலைக்கு வைப்பார்கள், குவாரிக்கு அவர்கள்தான் போக முடியும், நானோ மெம்பரோ போனால் ஓடிவிடுவார்கள். அவர்கள் புது சிரிஞ்சு கொடுத்து, பழையதைத் தடித்த டப்பாவில் திரும்ப வாங்குவார்கள். திரும்ப வாங்குவதுதான் முக்கியம். அந்த அக்காவின் மூட்டைக்குள் போயிருக்க வேண்டிய ஊசி டப்பாவுக்குள் போகும். கையில் புண் இருந்தால் கட்டுவார்கள், ஏனென்றால் மாத்திரையில் மருந்தோடு மாவும் பசையும் உண்டு, நரம்புக்குள் போகச் செய்ததல்ல அது, சீழ் வைத்துவிடும். பேச்சுக் கொடுத்து 'ஜ்யோதிஸ்' மையத்துக்கு ரத்தச் சோதனைக்கு அழைத்துப் போவார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். எச்ஐவிக்கு இலவச மருந்து உண்டு. ஊசியில் அதைவிடச் சுலபமாகப் பரவும் மஞ்சள் காமாலை சி வகையை 12 வார மாத்திரையில் குணப்படுத்தலாம், 2018இலிருந்து அரசு அதையும் இலவசமாகத் தருகிறது.

அடுத்தது நாக்கடி மாத்திரை. 'ஓஎஸ்டி' என்பார்கள். புப்ரெனார்பின் என்ற மருந்தை நர்ஸ் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பார், கரையும்வரை எதிரில் உட்கார வேண்டும். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். காலை ஒன்பதுக்கு வரிசை. பெயிண்டர் ஒருவர், டிரைவர் ஒருவர், டிபன் டப்பாவோடு ஒரு வெல்டிங் பட்டறைக்காரர். நர்ஸ் சேச்சி "வாயைத் திறந்து காட்டு மோனே" என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். பத்து நிமிஷம். அப்புறம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். போதையா என்றால் இல்லை. வாதை நிற்கிறது, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் 'இன்றைக்கு எங்கே கிடைக்கும்' என்ற ஓட்டம் நின்றால், திருட்டு நிற்கிறது, வீட்டில் பாத்திரம் விலைக்குப் போவது நிற்கிறது. இந்த மருந்தையும் இதே வேலையைச் செய்யும் மெதடோனையும் 2005இலேயே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நலோக்சோன் என்று ஒரு ஊசி மருந்தும் இதில் உண்டு. அளவு மீறி மூச்சு நின்றவனுக்குப் போட்டால் சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். அதன் வீரியம் ஒரு மணி நேரம் போல்தான், அதனால் 108ஐயும் கூப்பிட வேண்டும். தென்னந்தோப்பில் கிடந்த பையனுக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டபோது ஸ்டாக் இல்லை என்றார்கள். வேறு ஊருக்கு எடுத்துப் போகும் வழியெல்லாம் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தது ஆம்புலன்ஸ் தம்பிதான்.

இப்போது பின்வரிசைக் கேள்விக்கு வருகிறேன். சும்மா கொடுத்தால் பழக்கம் கூடாதா? இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2004இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, ஊசி கொடுத்ததால் போட்டுக்கொள்பவர்கள் கூடியதாக நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடைக்கவில்லை. என் கடை அனுபவமும் அதுதான். சிரிஞ்சு கிடைத்தது என்று யாரும் தொடங்குவதில்லை, கிடைக்கவில்லை என்று யாரும் விடுவதும் இல்லை. இந்தியாவில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று 2019இல் வெளியான அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2021 கண்காணிப்பில் அவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு எச்ஐவி. மற்ற பெரியவர்களில் ஆயிரத்துக்கு 2 பேர். இரண்டு எண்ணுக்கும் நடுவே இருப்பது மாற்றிப் போட்ட ஊசி.

குறையும் சொல்ல வேண்டும். ஓஎஸ்டி ஓபியம் வகைக்கு மட்டும்தான். ஹெராயின், வலி மாத்திரை, அவ்வளவு. எங்கள் பக்கம் இப்போது அதிகம் பிடிபடுவது எம்டிஎம்ஏ, அதற்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. பள்ளிக்கூடப் பையன்களுக்கான திட்டமும் இது இல்லை, அவர்களுக்கு வேறு வாசல் வேண்டும். பெரிய குறை தூரம். தினமும் போக வேண்டிய மருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பஸ் காசும் அரை நாள் கூலியும் போய், பத்தாம் நாள் அவன் நிறுத்திவிடுவான். கொரோனாவின்போது 2020இல், நிலைப்பட்டவர்களுக்குச் சில நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். அந்த மாதிரி ஏற்பாடு இல்லாமல் எல்லைக் கிராமங்களுக்கு இது ஓடாது. காலையில் கேரளத்தில் மாத்திரை, பகலில் தமிழ்நாட்டில் கட்டட வேலை என்று இருப்பவன் வேலை இடத்தில் நாலு நாள் தங்கினால், அவன் சீட்டு அங்கே செல்லுமா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

அன்று கூட்டத்தில் நான் சொன்னது இதுதான். குடியும் எம்டிஎம்ஏவும் என்றால் அரசு வார்டு. விற்பவன் என்றால் எக்சைஸ். ஊசிக்காரன் என்றால் முதலில் சுத்தமான ஊசியும் சோதனையும், உடனே நாக்கடி மாத்திரை, அவனாகக் கேட்கும் நாளில் வார்டு. தனியார் பூட்டுக்கு ஊர்ப் பணம் வேண்டாம். வயதில் மூத்த ஒருவர், அந்தத் தென்னை ஏறுபவரின் அண்ணன், "ஊசி குடுக்கறது பாவமில்லையாப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விரலில் குத்து வாங்கிய அக்காதான் பேசினார். "பாவ புண்ணியத்தை அப்புறம் பாத்துக்கலாங்கண்ணா. அந்த ஊசி மூட்டைக்குள்ள வராம இருக்கோணும். என்ர வீட்லயும் ஒரு பையன் இருக்கான்."

கை தூக்கச் சொன்னார் மெம்பர். 23 பேர் நாலாவதுக்கு, 11 பேர் போலீஸுக்கு, மற்றவர்கள் தூக்கவில்லை. கோரிக்கையில் மூன்று எழுதினோம்: தாலுகா அளவிலேயே ஓஎஸ்டி, பஞ்சாயத்து ஆம்புலன்ஸ் போகும் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் நலோக்சோன், ஹரித கர்ம சேனாவுக்குத் தடித்த கையுறையும் ஊசி போடும் டப்பாவும். மூன்றாவது மட்டும் ஒரு மாதத்தில் வந்தது. முதல் இரண்டுக்கும் கோப்பு எண் வந்திருக்கிறது.

என் கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பார்கள். 2017ஆம் வருஷத்து எச்ஐவி சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்கச் செய்யும் காரியம் குற்றமாகாது என்கிறது, ஊசி கொடுப்பதும் அதில் வரும். பக்கத்துக் கடைக்காரர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, சர்க்கரைச் சீட்டு இருந்தால்தான் தருகிறார். அவர் பயம் அவருக்கு. நான் டாக்டர் சீட்டில்லாமல் வலி மாத்திரை கொடுப்பதில்லை, அழுதாலும் கிடையாது. சிரிஞ்சு கேட்டால் கொடுக்கிறேன். கூடவே 14405 எழுதிய துண்டுச் சீட்டு, தமிழிலும் மலையாளத்திலும். படி ஓரமாக மஞ்சள் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன், பழையதைப் போட. முதல் இரண்டு வாரம் காலியாகவே கிடந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்தபோது உள்ளே ஏழு கிடந்தன.